புது ரிவி, பழைய வயர்: வட்டக்கச்சிப் பக்கத்து வீடொன்றில் படத்தைச் சீராக்கிய நிகழ்வு

பின்னணி

கிளிநொச்சியிலிருந்து வட்டக்கச்சிப் பக்கம் உள்ளே போகும் கிராமம் ஒன்றில் இது நடந்தது. வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அவருடைய மனைவி, மகள், மருமகன், பள்ளிக்கூடம் போகும் பேரன். மீள்குடியேறி வந்த காலத்தில் வாங்கிய 21 அங்குலப் படக்குழாய் ரிவி ஒன்றுதான் இத்தனை வருடமும் ஓடியது. ஐப்பசி மாதம், வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய காசில் 50 அங்குல 4கே ரிவி வாங்கினார்கள். கடையிலிருந்து வந்த பெடியன் பழைய ரிவியைக் கழற்றி, அதே வயர்களைப் புதியதில் செருகி, சுவரில் உயர மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

இரண்டு கிழமைக்குள் வீட்டில் எல்லாருக்கும் மனம் விட்டுப்போயிற்று. மருமகன் எனக்குப் போன் எடுத்தார். நான் இந்தப் பகுதியில் டிஷ் பூட்டுவதும் மின்சார வேலையும் செய்கிறவன். போனதும் ஆசிரியர் ஐயா சொன்னது இது:

“தம்பி, பழைய பெட்டியிலை முகம் முகமாய்த் தெரிஞ்சுது. இதிலை எல்லாரும் வீங்கிப்போய், கன்னம் சிவந்துபோய்க் கிடக்கினம். இவ்வளவு காசைக் குடுத்து இதையோ வாங்கினது?”

மழை தொடங்கினால் படம் சதுரம் சதுரமாக உடைகிறது என்பது அவருடைய மனைவியான அம்மாவின் முறைப்பாடு. மகள் சொன்னது இன்னொன்று: “ரிமோட்டிலை நிறத்தைக் குறைச்சு வைப்பன் அண்ணை. கொஞ்ச நேரத்தாலை பாத்தால் திரும்பப் பழையபடி நிக்கும்.” அந்த நேரத்தில் அது சின்ன விசயமாகத் தெரிந்தது. பிறகு அதுதான் பெரிய துப்பாக அமைந்தது.

கடைக்காரரிடம் கேட்டபோது இரண்டு பொருள் வாங்கச் சொல்லியிருக்கிறார். ஒன்று, தங்க முலாம் பூசிய விலை கூடின எச்.டி.எம்.ஐ. கேபிள் (படத்தையும் சத்தத்தையும் ஒரே வயரில் டிஜிற்றலாகக் கொண்டுபோவது). மற்றது கரண்டின் ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும் ஸ்ரெபிலைசர். கேபிளை மட்டும் “கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கோ, சரிவராட்டில் திருப்பித் தாங்கோ” என்று கொடுத்தும் விட்டிருந்தார். பெட்டி உடைக்காமல் மேசையில் இருந்தது.

வீட்டில் கண்டவை

எதையும் தொடாமல் முதலில் அரை மணி நேரம் அவர்களோடு இருந்து, அவர்கள் பார்க்கிறதையே பார்த்தேன். இந்த வேலையில் இதைத் தவிர்க்கவே கூடாது. ஆட்கள் “படம் சரியில்லை” என்று ஒரே சொல்லில் சொல்வது பெரும்பாலும் நாலைந்து வெவ்வேறு கோளாறுகளைத்தான்.

செய்தி வாசிக்கிற பெண்ணின் நெற்றிப் பொட்டு நீள்வட்டமாகக் கிடந்தது. சிவப்புச் சேலையின் ஓரத்தில் நிறம் கோட்டைத் தாண்டிப் பக்கத்திலும் வழிந்தது. கீழே ஓடும் எழுத்துகளைச் சுற்றி வெள்ளை விளிம்பு. தோல் நிறம் செம்மஞ்சள், வெள்ளை வேட்டி நீலம். நாடகம் போகிற சேனலில் மேலும் கீழும் கறுப்புப் பட்டி, நடுவில் பருத்த முகங்கள்.

பின்பக்கம் பார்த்தால் டிஷ் பொக்ஸிலிருந்து ரிவிக்குப் போனது மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட பழைய ஏ.வி. வயர். பொக்ஸில் எச்.டி.எம்.ஐ. துவாரம் இருந்தது. தூசி படிந்து, ஒருநாளும் பாவிக்காமல் கிடந்தது. பழைய ரிவியில் அந்த வசதி இல்லாததால் யாரும் அதைத் தேடவில்லை. பொக்ஸின் செற்றிங்கும் பழைய ரிவிக்கு ஏற்றபடி 4:3 வடிவத்திலேயே (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) நின்றது. அகலப் படத்தைப் பொக்ஸ் கறுப்புப் பட்டி போட்டு 4:3 ஆகச் சுருக்க, ரிவி அதைத் திரும்பவும் பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு கூட்டி இழுத்தது. வீங்கின முகங்களுக்குக் காரணம் அதுதான்.

ரிவியின் பட நிலை, நிறத்தைத் தூக்கிக் காட்டும் ‘விவிட்’டில் இருந்தது. பாக்லைற் உச்சத்தில், ஷார்ப்னஸ் உச்சத்துக்குக் கிட்ட, வெள்ளையின் சாயல் ‘கூல்’, அதாவது நீலம் கலந்தது. ரியூப் லைற்றுகள் நிறைந்த கடையில், பத்து ரிவிகளுக்கு நடுவில் கண்ணைப் பறிக்க வைக்கிற நிலை இது. ஒரு பல்ப் எரியும் வீட்டு மண்டபத்துக்கு இது சரிவராது.

பொக்ஸின் சிக்னல் பக்கத்தைத் திறந்தேன். வலிமை காட்டும் பட்டி நன்றாக நின்றது. தரம் காட்டும் பட்டி பாதிக்கும் கீழே, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வலிமை கூடி, தரம் குறைந்து நின்றால் முதலில் வயரின் பொருத்துகளையும் டிஷ் திரும்பி நிற்கிற திசையையும்தான் பார்க்க வேண்டும்.

கரண்ட் பற்றிய சந்தேகம்

ஸ்ரெபிலைசர் கதையை ஐயா உறுதியாக நம்பினார். அதற்கு நியாயம் இருக்கிறது. போர்க் காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லை. ஜெனரேற்றரில் ரிவி பார்த்தவர்கள் எல்லாரும், இயந்திரம் திணறும்போது படம் நாலு பக்கமும் சுருங்கி ஒடுங்குவதைக் கண்ணால் கண்டவர்கள். படக்குழாய் ரிவியில் அப்படித்தான் நடக்கும். இன்றைய எல்.ஈ.டி. ரிவியின் மின்வழங்கி அப்படியானதல்ல. இந்த ரிவியின் முதுகில் 100 முதல் 240 வோல்ற் வரை என்று எழுதியிருந்தது. இரவு ஏழு மணிக்கு, ஊரே லைற் போட்ட நேரத்தில், பிளக்கில் அளந்தேன்: 208 வோல்ற். அந்த எல்லைக்குள் வோல்ற் கூடினாலும் குறைந்தாலும் படம் மாறாது. ஆகவே படத்துக்காக ஸ்ரெபிலைசர் வாங்க வேண்டாம் என்று முடிவெடுத்தோம். இடி மின்னல் நேரத்தில் கரண்ட் பிளக்கை மட்டுமல்ல, டிஷ் வயரையும் கழற்றி வைக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லிக் கொடுத்தேன். மின்னல் அந்த வயர் வழியாகவும் உள்ளே வரும்.

எந்த ஒழுங்கில் தொடங்கினோம், ஏன்

கூரையிலிருந்து கீழே, பிறகு பொக்ஸ், பிறகு இணைப்பு வயர், கடைசியாக ரிவியின் செற்றிங் என்று ஒழுங்கு வைத்தோம். முன்னால் கெட்டுப்போன ஒன்றைப் பின்னால் நிற்கிற எதுவும் மீட்டுத் தராது. வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் கலங்கி வந்தால் கடை வயலில் நின்று தெளிய வைக்க முடியாது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அம்மாவைக் கேட்பது என்பது இரண்டாவது முடிவு. வீட்டில் அதிக நேரம் பார்ப்பவர் அவர். என் கண் பழகின கண். வேண்டியதைத்தான் அது காணும்.

கூரையும் வளவும்

மழை விட்டிருந்த ஒரு காலையில் ஏணி வைத்தோம். டிஷ்ஷிலிருந்து வரும் கோஅக்சியல் வயர் நீளம் போதாமல் கூரைக்குக் கீழே ஒட்டுப் போட்டிருந்தார்கள். இரண்டு செப்பு நடுக்கம்பிகளையும் முறுக்கி, மேலால் கறுப்பு ரேப் சுற்றியிருந்தது. ரேப்பைப் பிரித்தபோது உள்ளே பச்சைக் களிம்பு, பின்னல் கம்பி கறுத்து நொருங்கிக் கொட்டியது. இந்த வயருக்கு 75 ஓம் என்ற மாறாத குணம் ஒன்று உண்டு. நடுக்கம்பியின் தடிப்பும், அதற்கும் வெளிப் பின்னலுக்கும் இடையிலுள்ள தூரமும், அந்த இடையை நிரப்பும் பொருளும் சேர்ந்துதான் அந்தக் குணத்தைத் தருவது. முறுக்கிய இடத்தில் அந்தத் தூரம் குலைந்துவிடும். சிக்னலின் ஒரு பகுதி அங்கிருந்து திரும்பி மேலே போகும். மழைத் தண்ணீரும் உறிஞ்சிக்கொண்டால் சொல்லத் தேவையில்லை.

ஒட்டைத் திருத்தாமல், டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யிலிருந்து பொக்ஸ் வரை ஒரே துண்டாகப் புதிய ஆர்.ஜி. 6 வயர் இழுத்தோம். நடுவில் ஒரு பொருத்தும் இல்லை. இரண்டு முனையிலும் புதிய எஃப் கனெக்ரர். வெளிமுனைக்கு ரப்பர் உறை, எல்.என்.பி.க்குக் கிட்ட வயர் கீழே தொங்கி வளையும்படி ஒரு சொட்டு வளைவு. அந்த வளைவு இருந்தால் மழைத் தண்ணீர் வயர் வழியே ஓடிப் பொருத்துக்குள் இறங்காமல் கீழே சொட்டிவிடும்.

அடுத்தது மரம். நாங்கள் நிற்கிற இடம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகையில். நாங்கள் பார்க்கிற செய்மதிகள் பெரும்பாலும் வானத்தில் நல்ல உயரத்தில் நிற்பவை. ஆகவே இங்கே டிஷ்ஷை மறைப்பது தூரத்துப் பனையோ மதிலோ அல்ல, மேலால் படர்ந்துவரும் கிளை. இந்த வீட்டு வேம்பின் கிளை ஒன்று டிஷ்ஷுக்கு நேர் மேலே வந்திருந்தது. ஈர இலை காய்ந்த இலையைவிடக் கூடுதலாகச் சிக்னலைக் குடிக்கும். கிளையை வெட்டவும், டிஷ்ஷை ஒரு நூல் அளவு திருப்பி இறுக்கவும் தரப் பட்டி முக்காலுக்கு மேல் ஏறி அசையாமல் நின்றது.

அந்த வீட்டில் உள்ளூர்ச் சேனல்களுக்கு ஒரு அன்ரனாவும் உண்டு. 2011இல் திறக்கப்பட்ட 174 மீற்றர் உயரக் கொக்காவில் கோபுரம் இருக்கும் திசையை நோக்கி அது நிற்கிறது. அதில் வருவது பழைய அனலொக் படம். அங்கே வயரின் குறை படத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும்: புள்ளி விழும், நிழல் விழும். டிஷ்ஷில் வருவது டிஜிற்றல். அது ஒரு எல்லை வரை முழுதாக நிற்கும், எல்லை தாண்டினால் சதுரமாக உடையும். வயரைப் பற்றிய ஊர்ப்பேச்சுகளில் பாதிக் குழப்பம் இந்த வித்தியாசம் தெரியாததால் வருவது.

மஞ்சள் வயருக்குப் பதிலாக

மஞ்சள் முனை வயர், வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பும். ரிவி அதைத் திரும்பப் பிரிக்கும்போது முழுதாகப் பிரியாது. சிவப்புச் சேலையின் நிறம் ஓரத்தில் வழிந்தது அதனால்தான். அதோடு, அந்த வயரில் 576 வரிக்கு மேல் போகாது. வீட்டுப் பொதியில் ஏற்கெனவே சில எச்.டி. சேனல்கள் இருந்தன. மாதாமாதம் அதற்குக் காசு கட்டி, அதைச் சாதாரணப் படமாக இறக்கித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் பையிலிருந்த ஒன்றரை மீற்றர் சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிளைப் போட்டு, பொக்ஸின் வெளியீட்டை 1080 வரிக்கும் புது ரிவியின் அகல வடிவமான 16:9க்கும் மாற்றினேன். செய்தி வாசிப்பவரின் பொட்டு வட்டமாயிற்று. அம்மா எழும்பிக் கிட்ட வந்து பார்த்தார்: “இப்பதான் அந்தப் பிள்ளை மெலிஞ்ச பிள்ளை எண்டு தெரியுது.”

அடுத்து, கடைக்காரர் கொடுத்த கேபிள். அதை ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் வாயால் சொன்னால் ஐயா ஏற்கமாட்டார். ஆகவே பெட்டியைப் பக்குவமாகத் திறந்து, பொக்ஸின் சேனல் பட்டியல் பக்கத்தை நிறுத்திவைத்து, இரண்டு கேபிளையும் மாறி மாறிப் போட்டோம். எது எந்தக் கேபிள் என்று ஐயாவுக்குச் சொல்லவில்லை. எழுத்தின் ஓரம், நிறம், கறுப்பு எதிலும் அவரால் வித்தியாசம் காண முடியவில்லை. அவர் கணிதம் படிப்பித்தவர். கணக்கையும் எழுதிக் காட்டினேன். அந்தப் பொக்ஸ் அனுப்பக்கூடிய உச்சப் படத்துக்கு வேண்டியது செக்கனுக்கு ஏறக்குறைய 2.2 கிகாபிற். ‘ஹை ஸ்பீட்’ என்று எழுதிய சாதாரணக் கேபிள் 10.2 கிகாபிற் கொண்டுபோகும். 4கே படத்தைச் செக்கனுக்கு 60 தடவை அனுப்பும் கருவி இருந்தால் 18 கிகாபிற் தாங்கும் கேபிள் வேண்டும். அப்படியான கருவி இந்த வீட்டில் இல்லை. கேபிள் பழுதென்றால் வெள்ளைப் பொறி பறக்கும், படம் வெட்டி வெட்டிப் போகும், அல்லது ஒன்றுமே வராது. “கொஞ்சம் மங்கல்” என்று ஒரு நிலை அதில் கிடையாது. விலை கூடிய கேபிளை மருமகன் மறுநாளே திருப்பிக் கொடுத்தார். கடைக்காரரும் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டாராம்.

ரிவியின் உள்ளே

இங்கேதான் மகள் சொன்ன துப்பு உதவியது. மாற்றினது தானாகத் திரும்பிப் போகிறது என்றால் ரிவி, கடையில் காட்சிக்கு வைக்கும் நிலையில் நிற்கிறது. காட்சிக்கு வைத்த ரிவியை யார் நோண்டினாலும் சிறிது நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும்படி இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. பெட்டி உடைத்து முதன்முதல் போடும்போது ‘வீடா, கடையா’ என்று கேட்கிற கேள்விக்கு யாரோ அவசரத்தில் கடை என்று அமத்தியிருக்கிறார்கள். அதை வீட்டுக்கு மாற்றினோம். இதைச் செய்யாமல் மற்ற எதைத் திருத்தினாலும் வீண் வேலை.

மற்றதெல்லாம் இரவு ஏழு மணிக்குப் பிறகு செய்தோம். அவர்கள் பார்க்கிற நேரமும் அதுதான், எரிகிற லைற்றும் அதுதான். பட நிலையைச் ‘சினிமா’வுக்கு மாற்றி அங்கிருந்து தொடங்கினோம்.

பிரைட்னஸ் என்று ரிமோட்டில் எழுதியிருப்பது உண்மையில் கறுப்பின் அளவு. வெளிச்சத்தின் அளவு பாக்லைற். இந்த இரண்டையும் மாறிப் பிடிப்பதால் கெட்டுப்போகும் படங்கள் ஏராளம். யூ.எஸ்.பி. பென்னில் சோதனைப் படங்கள் கொண்டுபோயிருந்தேன். ஒளிபரப்பில் கறுப்பு 16 என்றும் வெள்ளை 235 என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள். கறுப்புப் பின்னணியில் 16க்குச் சற்று மேலும் கீழும் உள்ள பட்டிகளைக் காட்டி, மேலே உள்ளது கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிந்து, கீழே உள்ளது மறையும் இடத்தில் பிரைட்னஸை நிறுத்தினோம். பாக்லைற்றை ஏறக்குறையப் பாதிக்கு இறக்கினோம். வெள்ளையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கொன்ராஸ்றுக்கு வெள்ளைப் பட்டிகள். ஆனால் ஐயாவுக்கு விளங்கினது பட்டியால் அல்ல. அந்தக் கிழமை சூரன்போர் ஒளிபரப்பு ஒன்றைப் பதிந்து வைத்திருந்தார்கள். முன்பு வெறும் வெள்ளைத் துண்டாகத் தெரிந்த வேட்டிகளில் மடிப்பும் கரையும் தெரியத் தொடங்கிய இடம் எதுவோ, அதுதான் கொன்ராஸ்றின் இடம்.

ஷார்ப்னஸ் படத்துக்குத் தெளிவைத் தருவதில்லை. இருக்கிற கோட்டின் ஓரத்தில் பொய்க்கோடு ஒன்றைப் போடுகிறது. சாம்பல் பின்னணியில் மெல்லிய கறுப்புக் கோட்டை வைத்து, பக்கத்து வெள்ளை நிழல் மறையும் வரை குறைத்தோம். இந்த ரிவியில் அது பூச்சியத்துக்குக் கிட்ட நின்றது. வேறு ரிவியில் நடுவில் நிற்கலாம். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை நிறுத்தினோம். பேரன் கிரிக்கெட்டுக்கு அது வேண்டும் என்றான். எங்கள் ஒளிபரப்பு ஏற்கெனவே செக்கனுக்கு 50 அசைவுகள் கொண்டது. நிறுத்தின பிறகும் பந்து துண்டு துண்டாகத் தெரியவில்லை என்று அவனே ஒத்துக்கொண்டான்.

சிக்கல் வந்தது வெள்ளையின் சாயலில். தொலைக்காட்சிக்கான வெள்ளை ஏறக்குறைய 6500 கெல்வின் (வெள்ளையின் சாயலை அளக்கும் அலகு; எண் கூடினால் நீலம் கூடும்). ரிவியில் ‘வார்ம்’ என்பது அதற்குக் கிட்ட. மாற்றினதும் ஐயா, “ஐயோ, எல்லாம் மஞ்சள் பிடிச்சுப்போச்சு” என்றார். கண் நீல வெள்ளைக்குப் பல வருடம் பழகிவிட்டது. பழைய படக்குழாய் ரிவிகளும் நீலச் சாயல் கொண்டவைதான். ஒரேயடியாகப் போகாமல், முதலில் நடு நிலையில் ஒரு கிழமை விடுவது, பிறகு வார்முக்குப் போவது என்று பேசி முடித்தோம். எவ்வளவு சரியான அளவென்றாலும், பார்ப்பவர் வெறுத்தால் அடுத்த நாளே ரிமோட் அதை அழித்துவிடும்.

கடைசியாக, சுவர். பேரனின் பந்துக்குப் பயந்து கதவு நிலைக்கு மேலே மாட்டியிருந்தார்கள். பாயில் இருந்து பார்க்கும் அம்மாவுக்கு அண்ணாந்த பார்வை. அந்தக் கோணத்தில் இந்த வகைத் திரையில் கறுப்பு வெளிறிப் போகும். ஒன்றரை அடி இறக்கி, யன்னல் வெளிச்சம் விழாத பக்கம் நகர்த்தினோம்.

பிறகு நடந்தது

ஒரு கிழமை கழித்துப் போனபோது ஐயாவே வார்முக்கு மாற்றியிருந்தார். பழைய சாயலைத் திருப்பிப் போட்டுக் காட்டியபோது, “இதென்ன, பிணத்தின்ரை நிறம்” என்றார். கார்த்திகை, மார்கழி மழையில் படம் உடைந்தது கொட்டோ கொட்டென்று கொட்டிய நேரங்களில் மட்டும். சில நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டதாம். பலத்த மழை அந்த அலைவரிசையை வானத்திலேயே குடித்துவிடும். அதற்கு வயரிலோ ரிவியிலோ மருந்தில்லை.

தீராத குறை ஒன்று உண்டு. அம்மாவின் நாடகச் சேனல் எச்.டி. இல்லை. சாதாரணப் படம் 720க்கு 576 புள்ளிகள், மொத்தம் 414,720. திரையில் இருப்பது 8,294,400. ஒவ்வொரு புள்ளியும் இருபது இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. படத்தின் உயரமும் பழைய ரிவியைவிட இரண்டு மடங்கு. பார்க்கும் தூரம் மாறவில்லை. அந்தச் சேனல் மென்மையாகத்தான் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அதன் எச்.டி. வடிவத்துக்கு மாதக் கட்டணம் கூடும் என்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்று வீட்டில் தீர்மானித்தார்கள். 4:3 சேனல்களில் இரண்டு பக்கமும் வரும் கறுப்பைப் பார்த்து, “ரிவி பழுதோ தம்பி?” என்று அம்மா ஒருதரம் போன் எடுத்தார். பொட்டைப் பாருங்கோ என்றேன். பிறகு கேட்கவில்லை.

பேரன் ரிவியிலேயே யூரியூப் பார்க்கும்போது மட்டும் பழைய கண்ணைப் பறிக்கும் நிறம் திரும்பி வந்தது. இந்த ரிவி, படம் வரும் ஒவ்வொரு வழிக்கும் செற்றிங்கைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. அதே எண்களை அங்கேயும் போட்டோம்.

அடுத்த வீட்டில் மாற்றிச் செய்ய இருப்பவை

போன் வந்த உடனேயே பொக்ஸின் பின்பக்கத்தையும் ரிவியின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்வேன். எந்த வயர் எங்கே போகிறது என்பது வீட்டைவிட்டு வெளிக்கிட முன்னரே தெரிந்துவிடும். அதோடு, செற்றிங் தானாகத் திரும்புகிறதா என்பதையும் போனிலேயே கேட்டுவிடலாம்.

கூரை வேலையைப் புரட்டாதிக்குள் முடிப்பது நல்லது. இந்த வீட்டில் மழை விட்டுவிட்டுப் பெய்ததால் ஏணிக்காகவே காத்திருக்க வேண்டி வந்தது. மரக்கிளையை வருடம் ஒருமுறை, மாரி தொடங்க முன்னர் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இறுதி எண்களை ஒரு தாளில் எழுதி, ரிவி மாட்டியிருக்கும் சட்டத்தின் பின்னால் ஒட்டியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் படமெடுத்துத் தன்னுடைய ரிவியில் போட்டுப் பார்த்திருக்கிறார். படம் இருண்டுபோயிற்று என்று ஆள் அனுப்பினார். அவருடையது வேறு திரை, வேறு அறை. அடுத்த கிழமை அங்கே போக இருக்கிறேன். பொக்ஸின் பின்பக்கப் படம் வந்து சேர்ந்துவிட்டது. அங்கேயும் மஞ்சள் வயர்தான்.